டிராகனாக மாறுவதற்கு ஒரு விலை இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம்கள் பற்றி வந்திருந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். மனிதன் டிராகனாக மாறிச் சண்டை போடும் கேம்களைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. பட்டனைத் தட்டினால் டிராகன், இன்னொரு பட்டனைத் தட்டினால் தீ, எதிரி சாம்பல், வேறொன்றும் அதில் கிடையாது, பலம் உள்ளவன் அடித்துப்போட்டுப் போய்விடலாம் என்பதைத்தான் பிள்ளைகள் அதில் கற்றுக்கொள்கிறார்கள் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்தப் பத்திக்குத்தான் இந்தக் கடிதம். கண் கெடுவது, தூக்கம் கெடுவது, போனில் பணம் கட்டி ஆடிச் சீரழிவது பற்றியெல்லாம் அவர் எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை.

நான் மதுரை செல்லூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதே கடையில் முன்பு பிளேஸ்டேஷன் 2 பெட்டிகளைப் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பையன்களை ஆடவிட்டேன். பெரும்பாலும் கிரிக்கெட், மல்யுத்தம், கார் ரேஸ்தான் ஓடும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த ஒரு கட்டு டிஸ்க்கில் 'பிரெத் ஆஃப் ஃபயர்: டிராகன் குவார்ட்டர்' என்ற ஜப்பான் நாட்டு கேமும் இருந்தது. கேப்காம் நிறுவனம் 2002-இல் ஜப்பானில் வெளியிட்டது, அடுத்த ஆண்டு மற்ற நாடுகளுக்கும் வந்தது. கட்டுரையாளர் சொல்லும் 'மனிதன் டிராகனாக மாறும் சண்டை' என்ற வகையில் என் கண்ணுக்கு இதைவிடச் சிறந்த கேம் இதுவரை வரவில்லை. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும்.

கதை முழுக்கப் பூமிக்கு அடியில் நடக்கிறது. டிராகன்களால் நடந்த பெரும்போரில் மேலே உலகம் அழிந்துபோக, மனிதர்கள் ஆழத்தில் அடுக்கடுக்காக நகரம் கட்டிக்கொண்டு பல தலைமுறையாக வாழ்கிறார்கள். கீழே போகப்போகக் காற்று கெட்டுக்கிடக்கும். ஒவ்வொருவருக்கும் 'டி-ரேஷியோ' என்று ஓர் எண் உண்டு. யார் எவ்வளவு உயரத்துக்குப் போகலாம் என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும். நாயகன் ரியூவின் எண் 8192-இல் ஒன்று. அவனோடு வேலை பார்க்கும் போஷின் எண் 64-இல் ஒன்று. அதாவது ரியூ கடைநிலைக் காவல்காரனாகவே காலம் தள்ள வேண்டியவன், போஷ் மேலே போய்ப் பதவியில் உட்கார வேண்டியவன். நீனா என்ற ஒரு சிறுபெண், கெட்ட காற்றைச் சுத்தப்படுத்தும் கருவியாக அவள் உடம்பையே மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காற்றிலேயே இருந்தால் அவள் பிழைக்கமாட்டாள். அவளை மேலே, வானத்துக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ரியூ முடிவு செய்கிறான். இவ்வளவுதான் கதை.

ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, செத்துக்கிடக்கும் ஒரு பிரம்மாண்ட டிராகனின் சக்தி ரியூவுக்குள் புகுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் நினைத்த சண்டையில், நினைத்த சுற்றில் உருமாறலாம். மாறினால் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. அரை மணி நேரம் போராட வேண்டிய பெரிய எதிரி இரண்டு மூன்று சுற்றில் விழுந்துவிடும். இதைக் கேட்டால் கட்டுரையாளர் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சக்தி புகுந்த நேரத்திலிருந்து திரையில் ஓர் எண் ஓடத் தொடங்குகிறது. அதன் பெயர் டி-கவுன்டர். பூஜ்யத்தில் தொடங்கும். ரியூ நடந்தால் துளித்துளியாக ஏறும். உருமாறினால் ஏறும். உருமாறிய பிறகு அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஏறும். ஏறியது இறங்கவே இறங்காது. அதை இறக்க ஒரு மருந்தும் ஒரு கோவிலும் ஒரு மந்திரமும் அந்த கேமில் வைக்கவில்லை. நூறைத் தொட்டதும் உள்ளே இருக்கும் டிராகன் அவனைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆட்டம் முடிந்தது.

அதிலும் 'டி-பிரெத்' என்ற தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தீ பாய்ந்துகொண்டே இருக்கும். எதிரியின் உயிர் எண் இறங்கிக்கொண்டே வரும். அதே நேரத்தில் உன்னுடைய கவுன்டர் ஏறிக்கொண்டே போகும். விரலை எப்போது எடுப்பது என்பது ஆடுகிறவன் பொறுப்பு. பட்டனைத் தட்டினால் தீ என்று கட்டுரையாளர் எழுதினார். தட்டுவது யாருக்கும் வரும். இந்த கேமின் சண்டை முழுக்க விரலை எடுப்பதில்தான் இருக்கிறது.

என் கடையில் ஒரு பையன் இருந்தான், பள்ளி விட்டதும் சீருடையோடு வந்து உட்காருவான். கவுன்டர் எண்பதைத் தாண்டிய நிலையில் ஒரு பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டான். இந்த கேமில் பெரிய எதிரிகளுக்கு ஒரு காப்பு உண்டு. ஒரு சுற்றில் அடிக்கும் அடி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான், தாண்டிய அளவு மட்டும் அதன் உயிரைக் குறைக்கும். சின்னச் சின்னதாய் நூறு அடி அடித்தாலும் ஒரு சின்னக் காயம்கூட ஆகாது. வேறு வழியில்லாமல் உருமாறினான். முதலில் பலத்தைக் கூட்டிக்கொண்டான், பிறகு தீயைப் பிடித்தான். பின்னால் கிரிக்கெட் ஆட முறை வருமென்று காத்திருந்த பையன்கள் எல்லாம் எழுந்து வந்து திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். எதிரியின் உயிர் ஒரு பக்கம் இறங்குகிறது, கவுன்டர் ஒரு பக்கம் ஓடுகிறது. "விட்ருடா, விட்ருடா" என்று ஒருவன் கத்துகிறான். "கொஞ்சந்தான் இருக்கு, பிடிடா" என்று இன்னொருவன். இவன் கட்டைவிரல் வெளுத்துப்போய் இருந்தது. எதிரியிடம் மயிரிழை உயிர் மிச்சம் இருக்கும்போது விரலை எடுத்துவிட்டான். அடுத்த சுற்றில் அது விழுந்தது. கவுன்டர் தொண்ணூற்றுச் சொச்சத்தில் நின்றது.

ஜெயித்தும் அவன் முகத்தில் சிரிப்பில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு அவனால் சாதாரணமாக நடக்கக்கூட முடியவில்லை. பக்கத்து அறையில் புதையல் பெட்டி இருக்கும் என்று தெரியும், போகமாட்டான். நேர்வழி எதுவோ அதில் மட்டும் போனான். குறுக்கே வருகிற எதிரிகளுக்கு இறைச்சித்துண்டை எறிந்து அந்தப் பக்கம் இழுத்துவிட்டு இந்தப் பக்கம் நழுவினான். அந்த வசதியும் கேமிலேயே உண்டு. சண்டை தொடங்கும் முன்பே இரை போட்டு எதிரியைப் பிரிக்கலாம், பொறி வைக்கலாம். டிராகனை வைத்திருந்தும் பயன்படுத்தாமல் பிழைப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்கே அதையெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அந்தப் பையன்களுக்குப் புரிந்தது. கடைசியில் எண் நூறைத் தொட்டது. "அண்ணே, அவனையே தின்னுருச்சுண்ணே" என்றான்.

அங்கேயும் கேம் அவனைக் கைவிடவில்லை. முதலிலிருந்து திரும்பத் தொடங்கும்போது, கற்ற வித்தைகளும் சேர்த்த ஆயுதங்களும் கூடவே வரும். முதல்முறை பார்க்காத காட்சிகள் சிலவும் இரண்டாவது முறை திறக்கும். யார் யாருக்கு எதிராக என்ன பேசிவைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். வசனம் ஆங்கிலத்தில் ஓடும், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வேன். அந்தப் பையன் அடுத்தமுறை முடிவுவரை போனான். டிராகனை அவன் பயன்படுத்தியது மிகச் சில சண்டைகளில்தான். மற்றதெல்லாம் வாளும், நீனாவின் மந்திரமும், லின் என்ற பெண்ணின் துப்பாக்கியும்தான். சண்டையில் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்குத்தான் கொடுப்பார்கள். நகர்வதும் அதிலிருந்துதான், அடிப்பதும் அதிலிருந்துதான். ஓர் அடி முன்னால் வைத்தால் ஒரு வெட்டு குறையும். நின்று யோசிக்காமல் இதில் ஒரு சண்டையும் ஜெயிக்க முடியாது.

பலம் இருந்தால் அடித்துப்போட்டுப் போகலாம் என்றா இது சொல்லிக்கொடுக்கிறது? கையில் பலம் இருக்கும்போதே அடக்கிவைத்துக்கொள்ளச் சொல்லும் ஆட்டம் இது. அதை உபதேசமாகச் சொல்லவில்லை, திரையின் ஓரத்தில் ஓர் எண்ணை ஓடவிட்டுச் சொல்கிறது. அதனால்தான் அந்தப் பையன்களுக்கு உறைத்தது.

இதே 'பிரெத் ஆஃப் ஃபயர்' வரிசையில் 1997-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த மூன்றாவது கேமையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு சுரங்கத்தில் தொழிலாளிகள் பாறை உடைக்கும்போது படிகத்துக்குள் உறைந்திருந்த குட்டி டிராகன் ஒன்று விழித்துக்கொள்ளும். அந்தக் குட்டியை ஆட்டுவிப்பவர் நீங்கள்தான். பயந்துபோய்க் கம்பும் கருவியுமாக எதிரே வருகிறவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் சுரங்கத் தொழிலாளிகள். கேமின் முதல் சண்டையிலேயே அவர்களைத் தீயால் சுட வேண்டியிருக்கிறது. பிறகு அந்தக் குட்டியைக் கூண்டில் அடைத்து ரயிலில் ஏற்றுகிறார்கள். அது கூண்டோடு உருண்டு காட்டில் விழுகிறது. எழும்போது அது டிராகன் இல்லை, உடம்பில் துணி இல்லாத சின்னப் பையன். ரே என்ற புலிமனிதன் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறான். இரண்டு நிமிடம் முன்பு எல்லோரும் கொல்லப் பார்த்த பிராணியும் இப்போது எல்லோரும் இரக்கப்படும் குழந்தையும் ஒருவரேதான். முழு கேமும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. உருமாற்றமும் அதில் அழகாக அமைந்திருக்கும். மொத்தம் 18 மரபணுக்கள் அங்கங்கே ஒளிந்துகிடக்கும். அவற்றில் மூன்றுவரை சேர்த்தால் எந்தக் கூட்டுக்கு எந்த டிராகன் என்று ஆடுகிறவனே கண்டுபிடிக்க வேண்டும். அங்கேயும் உருமாறி நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்தி கரைந்துகொண்டே இருக்கும். ஆனால் படுத்துத் தூங்கி எழுந்தால் திரும்பிவிடும். ஐந்தாண்டு கழித்து டிராகன் குவார்ட்டரில் அந்தத் தூக்கத்தைத்தான் எடுத்துவிட்டார்கள்.

எல்லா டிராகன் கேமும் இப்படி உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிறுவனமே இதில் சறுக்கியிருக்கிறது. 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கேமை இன்றைய பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். அதைச் செய்தது பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் இருக்கும் லாரியன் ஸ்டுடியோஸ். அவர்கள் 2009-இல் 'டிவினிட்டி 2: ஈகோ டிராகோனிஸ்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். கடையில் பிளேஸ்டேஷன் ஓய்ந்துபோன பிறகு, சர்வீஸுக்கு ஆள் வராத மதிய நேரங்களில் என் சொந்தக் கம்ப்யூட்டரில் ஆடி முடித்தது இது.

தொடக்கம் பிரமாதம். நீங்கள் டிராகன்களை வேட்டையாடும் படையில் புதிதாகச் சேர்ந்தவர். வேட்டையின்போது, சாகக் கிடக்கும் டிராகன் வீராங்கனை டலானா தன் சக்தியை உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அந்தக் கணத்திலிருந்து நீங்களே டிராகன் ஆள். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்ட படை இனி உங்களைத் துரத்தும். தரையில் மனிதனாகப் போடும் சண்டையும் நன்றாக இருக்கும். வாள், வில், மந்திரம் மூன்றையும் விருப்பம்போல் கலந்துகொள்ளலாம். பேசுகிறவர் மனதைப் படிக்கலாம். அதற்கு நீங்கள் சண்டையிட்டுச் சேர்த்த அனுபவப் புள்ளிகளிலிருந்து விலை கொடுக்க வேண்டும். ஒருவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்கள் வளர்ச்சியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறீர்கள். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

ஆனால் பல மணி நேரம் காத்திருந்து, போர்க் கோபுரத்தைக் கைப்பற்றி, டிராகன் கல்லை வாங்கிக்கொண்டு, ஓரோபாஸ் மலையிடுக்குகளுக்கு மேலே சிறகை விரிக்கும்போது, கீழே தரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மனிதனாக நின்றபோது உங்களை வெட்ட ஓடிவந்த அத்தனை எதிரிகளும் நீங்கள் டிராகனாக மாறிய உடனே மறைந்துவிடுவார்கள். டிராகனுக்கென்று பறக்கும் கோட்டைகள், கணை எறியும் கோபுரங்கள் என்று தனி எதிரிகளை வைத்திருக்கிறார்கள். நடுவில் டிராகன் நுழைய முடியாத தடுப்பு வந்தால் இறங்கி மனிதனாக உள்ளே போக வேண்டும். பறப்பது அருமை. மலைக்கும் கடலுக்கும் நடுவே போகும்போது கிரில் போக்ரோவ்ஸ்கியின் இசை கேட்கும், இன்றும் அதைத் தனியாகப் போட்டுக் கேட்கிறேன். ஆனாலும் இரண்டு உருவமும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. துரத்தியவர்களுக்கு முன்னால் டிராகனாக எழுந்து நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? பயந்து ஓடுவார்களா? பழைய தோழன் ஒருவன் வில்லைக் கீழே போடுவானா? சுட்டால் எனக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்காகத்தான் அத்தனை மணி நேரம் காத்திருந்தேன். கேம் அவற்றைத் தொடாமலேயே போய்விட்டது.

கட்டுரையாளர் இந்தக் குறையை எழுதியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்கமாட்டேன். ஒரு கேமில் உருமாற்றம் வெறும் படம் காட்டுவதாக நின்றுபோவதும், இன்னொன்றில் அது உயிரை எண்ணி எண்ணிச் செலவழிப்பதாக இருப்பதும் எப்படி, எந்த விதியால் என்று எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ஓரமாகப் போட்டதுதான் வருத்தம். விதி என்று நான் சொல்வது கேமுக்குள் இருக்கும் விதியை. கதை, படம், சத்தம் எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும். ஆடுகிறவன் மனதை வளைப்பது விதி மட்டும்தான். டி-கவுன்டர் என்ற ஒரே ஒரு விதியை அந்த கேமிலிருந்து எடுத்துவிட்டால் ரியூ இன்னொரு வீரன், நீனா இன்னொரு பாவப்பட்ட பெண், அவ்வளவுதான். அந்த எண் ஓடுவதால்தான் அவன் நடக்கும் ஒவ்வோர் அடியும் அந்தப் பெண்ணுக்காகத் தன் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுப்பதாக ஆகிறது. ஆடிப் பார்க்காமல் இது தெரியாது. ஓரமாய் நின்று ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தீயும் சிறகும் மட்டும்தான் தெரியும்.

தங்கள் நாளிதழில் கபடிப் போட்டி பற்றி எழுதும்போது ரைடர் எந்த மூலையில் மாட்டினார், கார்னர் எப்படி வளைத்தார் என்று எழுதுகிறீர்கள். பாட்டுக் கச்சேரி என்றால் எந்த ராகத்தை எவ்வளவு நேரம் பாடினார் என்று எழுதுகிறீர்கள். கேம் என்று வந்தால் மட்டும் எத்தனை கோடி வியாபாரம், எத்தனை பிள்ளைகள் கெட்டார்கள் என்ற இரண்டோடு நிறுத்திவிடுகிறீர்கள். என் கடைக்கு வந்த பையன்களில் இன்று தகப்பன் ஆகிவிட்டவர்கள் இருக்கிறார்கள். தங்கள் பிள்ளைக்கு எந்த கேமை வாங்கித் தரலாம், எதைத் தடுக்கலாம் என்று லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். பத்திரிகையில் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டாமா? மாதத்துக்கு ஒரு கேம், அரைப் பக்கம் போதும். எழுதுகிறவர் அதை முடிவுவரை ஆடியவராக இருக்கட்டும். சண்டை எப்படி அமைந்திருக்கிறது, தோற்றால் என்ன ஆகிறது, ஜெயிக்க என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, எந்த வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும், இதை எழுதட்டும். அதற்குப் பிறகு கெட்டது கெட்டது என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

டிராகன் குவார்ட்டர் இப்போது கடைகளில் கிடைப்பது கடினம். என்னிடம் பெட்டியும் டிஸ்க்கும் மெமரி கார்டும் ஓடும் நிலையில் இருக்கின்றன. கட்டுரையாளர் மதுரைப் பக்கம் வந்தால் ஆடிப்பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, காலையிலேயே வந்துவிட்டால் நல்லது. அதில் நிலையாகச் சேவ் செய்வதற்குத் தனி டோக்கன் வேண்டும், அதுவும் அரிதாகத்தான் கிடைக்கும். நினைத்தபோதெல்லாம் அப்படிச் சேவ் செய்துகொள்ள முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
செல்லூர், மதுரை.